எழுந்து போக முடியாத நாயும் ஓடி வரும் குட்டியும்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

எங்கள் வீட்டு ஜிம்மி லேப்ரடார். வயது 11. இரண்டு இடுப்பு மூட்டும் தேய்ந்துவிட்டன. படுத்தவன் எழ வேண்டுமென்றால் முன்னங்கால்களை ஊன்றிக் கொஞ்ச நேரம் அப்படியே இருப்பான். அப்புறம்தான் பின்பாகத்தை இழுத்துத் தூக்குவான். அந்த நிலையில்தான் தாயில்லாத ஒரு தெருக்குட்டி எங்களிடம் வந்து சேர்ந்தது. இரண்டு மாதம் இருக்கும். நிறத்தைப் பார்த்துச் செவலை என்றே கூப்பிட ஆரம்பித்தோம்.

முதல் நாள், 'எதற்கும் பாதுகாப்பாக இருக்கட்டும்' என்று ஜிம்மியைச் சங்கிலியில் கட்டிவிட்டுக் குட்டியைத் தரையில் இறக்கினேன். அது நேரே ஓடிப்போய் அவன் இடுப்பில் ஏறியது. ஜிம்மி பல்லைக் காட்டி உறுமினான். பதினோரு வருடத்தில் வீட்டுக்குள் அவன் அப்படி உறுமி நாங்கள் கேட்டதில்லை. நான் அவனை அதட்டினேன். குட்டியை இறக்கியது, அவனைக் கட்டியது, அதட்டியது என்று ஐந்து நிமிடத்தில் மூன்று தவறு செய்தேன்.

ஒரு நாய்க்குப் பிடிக்காதது பக்கத்தில் வந்தால் அது முதலில் செய்யும் காரியம் எழுந்து விலகிப் போவதுதான். கால் நன்றாக இருக்கும் கிழ நாய் குட்டியின் தொல்லை பொறுக்காமல் மாடிப்படி ஏறிப் போய்விடும், இல்லை கட்டிலில் ஏறிக்கொள்ளும். இடுப்பு தேய்ந்த நாயால் அது முடியாது. அதற்கு மிச்சம் இருப்பது உறுமலும் பல்லும் மட்டும். ஆகவே கீழே சொல்லியிருக்கும் எந்த அறிகுறியாக இருந்தாலும் நீங்கள் கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் கேள்வி ஒன்றே: இந்த நாய் இப்போது விலகிப் போக நினைத்தால் போக முடியுமா? முடியாது என்றால் அந்த வழியை நாம்தான் உண்டாக்கித் தர வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்பு: வலிக்கு வைத்தியம் நடக்கிறதா?

'வயசாயிடுச்சு, அதான் சிடுசிடுன்னு இருக்கு' என்று விட்டுவிடாதீர்கள். சிடுசிடுப்புக்குப் பெரும்பாலும் வலிதான் காரணம். மூட்டு வலியில் நாய் பெரும்பாலும் கத்தாது. வேறு விதமாகக் காட்டும். காலையில் எழுந்தவுடன் விறைப்பாக நடந்து, பத்து நிமிடம் கழித்துச் சரியாவது. ஒரே மூட்டைத் திரும்பத் திரும்ப நக்குவது. இரவில் இடம் மாறி மாறிப் படுப்பது, வெயில் இல்லாதபோதும் மூச்சிரைப்பது. பின்னங்கால் நகம் தரையில் உரசும் சத்தம். தொடைச் சதை வற்றி, முன்பாகம் மட்டும் பெரிதாகத் தெரிவது. மார்கழிக் குளிரில் இவை எல்லாமே கூடும்.

இவற்றில் இரண்டு மூன்று இருந்தால் குட்டியைப் பழக்குவதற்கு முன் கால்நடை மருத்துவரிடம் போங்கள். நாய் நடப்பதையும் எழுவதையும் வீட்டிலேயே கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டு போனால் நல்லது. மருத்துவமனைப் பதற்றத்தில் பல நாய்கள் நொண்டாமல் நடந்துவிடும். வயதான நாய்க்கு வலி மாத்திரை நீண்ட நாள் கொடுப்பதாக இருந்தால் முதலில் ரத்தப் பரிசோதனை செய்து சிறுநீரகம், கல்லீரல் எப்படி இருக்கின்றன என்று பார்ப்பார்கள். அப்புறம் மெலாக்சிகாம், கார்ப்ரோஃபென் போன்ற மருந்துகளில் ஒன்றை எடைக்கு ஏற்ற அளவில் எழுதித் தருவார்கள். அதை வெறும் வயிற்றில் தரக் கூடாது. தரும் நாட்களில் வாந்தி, கறுப்பு மலம், சாப்பாட்டில் வெறுப்பு வந்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவருக்குச் சொல்லுங்கள்.

வீட்டில் நமக்கு வாங்கி வைத்த வலி மாத்திரையை நாய்க்கு ஒருபோதும் தராதீர்கள். ஐபுபுரூஃபென், டைக்ளோஃபெனாக் இரண்டுமே நாயின் வயிற்றைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாராசிட்டமாலும் அளவு கூடினால் கல்லீரலைத் தாக்கும். பாசத்தில் அரை மாத்திரை கொடுத்து நாயை இழந்தவர்கள் உண்டு.

நம் ஊரில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். உண்ணிக் காய்ச்சலும் மூட்டு வலியைக் கொண்டுவரும், நொண்ட வைக்கும். அதை மூட்டுத் தேய்மானம் என்று நினைத்து மாதக்கணக்கில் வலி மாத்திரை கொடுத்தால் நோய் உள்ளே வளரும். உண்ணி ஏறும் வீடாக இருந்தால் அதற்கான ரத்தப் பரிசோதனையையும் கேட்டுப் பெறுங்கள்.

திடீரென்று பின்னங்கால்கள் இரண்டும் ஓய்ந்துபோவது, பாதம் மடங்கி மேல்பக்கம் தரையில் இழுபடுவது, தன்னையறியாமல் சிறுநீர் போவது ஆகியவை முதுகுத்தண்டு சம்பந்தப்பட்டவையாக இருக்கலாம். அன்றே காட்ட வேண்டும். மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம்.

அறிகுறி: குட்டி அறைக்குள் வந்தாலே பெரிய நாய் உறுமுகிறது

முதலில் செய்யக் கூடாதது: உறுமலுக்காக அதட்டுவது. உறுமல் என்பது 'இதற்கு மேல் வராதே' என்ற எச்சரிக்கை. அதட்டி அதட்டி உறுமலை நிறுத்திவிட்டால் நாய்க்கு உள்ளே இருக்கும் பயமும் வலியும் போய்விடாது, எச்சரிக்கை மட்டும் போய்விடும். அடுத்த முறை சத்தமில்லாமல் கடிக்கும். உறுமினால் பேசாமல் குட்டியைத் தூக்கிக்கொண்டு அப்பால் போங்கள், அவ்வளவுதான். தன் எச்சரிக்கைக்கு வீட்டில் மதிப்பு இருக்கிறது என்று பெரிய நாய்க்குத் தெரிந்தாலே அதன் பாதிப் பதற்றம் அடங்கும்.

அப்புறம் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்குங்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம். அன்று மாலையே செவலையை மாடி அறைக்கு மாற்றினோம். தெருவிலிருந்து வந்த குட்டியை எப்படியும் இரண்டு வாரம் தனியாக வைப்பதுதான் சரி. பார்வோ, டிஸ்டெம்பர் போன்ற தொற்றுநோய்கள் உடம்பில் இருந்தால் அதற்குள் பெரும்பாலும் வெளியே தெரிந்துவிடும். பெரிய நாய்க்குத் தடுப்பூசி தேதி தாண்டியிருந்தால் அந்த இரண்டு வாரத்தில் போட்டுவிடுங்கள். குட்டிக்கு 6 முதல் 8 வாரத்தில் முதல் ஊசி, பிறகு 3 அல்லது 4 வாரத்துக்கு ஒருமுறை 16 வாரம் வரை, மூன்று மாதத்தில் வெறிநாய்க்கடித் தடுப்பூசி என்று மருத்துவர் அட்டவணை தருவார். பூச்சி மருந்தும் கொடுக்க வேண்டும்.

அந்த நாட்களில் வாசனைப் பழக்கத்தைத் தொடங்கலாம். குட்டி ஆரோக்கியமாக இருக்கிறது என்று மருத்துவர் சொன்ன பிறகு, அது படுத்த துண்டு ஒன்றைக் கொண்டுவந்து பெரிய நாய் இருக்கும் அறையில் ஓர் ஓரமாகப் போடுங்கள். முகத்துக்கு நேரே நீட்ட வேண்டாம். அதுவாகப் போய் மோந்து பார்க்கட்டும். மோந்ததும் பக்கத்தில் ஒரு துண்டு வேகவைத்த கோழிக்கறி. பெரிய நாயின் துண்டைக் குட்டியிடமும் அதேபோல் போடுங்கள். ஜிம்மி முதல் நாள் அந்தத் துண்டை மோந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டான். நான்காம் நாள் அதன் மேலேயே முகவாயை வைத்துப் படுத்திருந்தான்.

அடுத்து நேரில் பார்ப்பது. இதற்கு நாய் நடத்தை பற்றிய கட்டுரைகளில் சொல்லப்படும் வழக்கமான யோசனை, இரண்டையும் பொது இடத்தில் பக்கம் பக்கமாக நடத்திச் செல்வது. கால் முடியாத நாய்க்கும் ஊசி முடியாத குட்டிக்கும் அது ஒத்துவராது. நாங்கள் செய்த முறை இது:

1. பெரிய நாய் தன் மெத்தையில் வசதியாகப் படுத்திருக்க வேண்டும். முதுகுப் பக்கம் சுவர், முன்னால் திறந்த வழி. மூலையில் அடைபட்டு இருக்கக் கூடாது. கட்டியிருக்கவே கூடாது.

2. குட்டி விளையாடிக் களைத்து, சாப்பிட்டு, தூக்கக் கலக்கத்தில் இருக்கும் நேரம் பாருங்கள். கழுத்துப் பட்டையில் லேசான கயிறு. ஒருவர் குட்டியோடு, ஒருவர் பெரிய நாயோடு.

3. பத்து அடி தூரத்தில் குட்டியைப் பிடித்தபடி உட்காருங்கள். நடுவே கிரில் கேட் இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் கம்பி இடைவெளியில் குட்டி நுழைந்து போய்விடும், அதனால் கீழே ஒன்றரை அடிக்கு வலை கட்டிவிடுங்கள்.

4. குட்டி கண்ணில் படும் நேரம் முழுக்கப் பெரிய நாய்க்குச் சின்னச் சின்னத் துண்டாகக் கோழிக்கறி. குட்டி வெளியே போனதும் கறியும் நின்றுவிட வேண்டும். குட்டி வந்தால்தான் நல்லது வருகிறது என்பது இப்படித்தான் அதற்குப் புரியும்.

5. இரண்டு மூன்று நிமிடம் போதும். ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை. அடம் பிடித்து நீட்ட வேண்டாம்.

தூரத்தை எப்போது குறைப்பது என்பதை நாள் கணக்கு வைத்து முடிவு செய்யாதீர்கள், நாயின் உடம்பைப் பாருங்கள். வாய் தளர்ந்து திறந்திருக்கிறது, குட்டியைப் பார்த்துவிட்டுத் தானாகத் தலையைத் திருப்பிக் கறியைக் கேட்கிறது, வால் தளர்வாக ஆடுகிறது என்றால் ஓர் அடி நெருங்கலாம். திறந்திருந்த வாய் சட்டென்று மூடுவது, உடம்பு அசையாமல் இறுகுவது, தலையைத் திருப்பாமல் கண்ணின் வெள்ளை தெரியப் பார்ப்பது, தூக்கமில்லாமல் கொட்டாவி விடுவது, உதட்டை நக்கிக்கொண்டே இருப்பது எல்லாம் உறுமலுக்கு முந்தைய படிகள். அங்கேயே நிறுத்திப் பின்வாங்கிவிட்டால் உறுமல் வராது. பத்து அடியிலிருந்து மூன்று அடிக்கு வர எங்களுக்கு 16 நாள் ஆனது. உங்களுக்கு ஒரு வாரமும் ஆகலாம், இரண்டு மாதமும் ஆகலாம்.

அறிகுறி: தூங்கும்போது குட்டி தொட்டால் திடுக்கிட்டுப் பாய்கிறது

விழித்திருக்கும்போது சாதுவாக இருந்து, தூக்கத்தில் மட்டும் இப்படி என்றால் காதும் கண்ணும் எப்படி இருக்கின்றன என்று பாருங்கள். அது பார்க்காதபோது பின்னால் நின்று சாவிக்கொத்தை லேசாகக் குலுக்கினால் காது அசைகிறதா? மங்கலான வெளிச்சத்தில் வாசற்படியில் தடுமாறுகிறதா? காது மந்தமான நாய்க்குக் குட்டி வருவது தெரியாது. வலிக்கும் இடுப்பில் திடீரென்று ஏதோ விழுவதுதான் தெரியும்.

இதைப் பயிற்சியால் தீர்க்க முடியாது. தடுப்பு போட்டுத்தான் தீர்க்க வேண்டும். பெரிய நாய் தூங்கும் இடத்துக்குள் குட்டி போகவே முடியாதபடி அமையுங்கள். குழந்தைகளுக்காக விற்கும் கதவுத் தடுப்பு போதும், இல்லையென்றால் வாசலுக்குக் குறுக்கே ஒரு பலகை. பலகை என்றால் பெரிய நாய் அதைத் தாண்டக் காலைத் தூக்க வேண்டியிருக்கும், அதனால் அது போக வர நீங்கள்தான் எடுத்துவிட வேண்டும். குட்டியின் கழுத்தில் சின்ன மணி கட்டுவது, காது ஓரளவு கேட்கும் நாய்க்கு உதவும். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் இதே விதிதான்: தூங்கும் நாயைத் தொடாதே, பெயர் சொல்லிக் கூப்பிடு, அது தலையைத் தூக்கட்டும்.

அறிகுறி: குட்டி விடாமல் மேலே ஏறுகிறது, காதையும் வாலையும் கடித்து இழுக்கிறது

இங்கே பழுது பெரிய நாயிடம் இல்லை. குட்டியிடமும் இல்லை. 3 வாரத்திலிருந்து 14 வாரம் வரை ஒரு குட்டி உலகத்தைக் கற்கும் பருவம். கூடப் பிறந்தவற்றைக் கடித்து, அவை கத்துவதைக் கேட்டுத்தான் எவ்வளவு அழுத்தமாகக் கடிக்கலாம் என்பதைக் கற்கிறது. தாயிடமிருந்து சீக்கிரமே பிரிந்த குட்டிக்கு அந்தப் பாடம் கிடைத்திருக்காது. இந்தியாவில் 2017-இல் வந்த நாய் வளர்ப்பு, விற்பனை விதிகள் 8 வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது என்று சொல்வதில் நல்ல அர்த்தம் இருக்கிறது. நாலாம் மாதம் பல் விழுந்து முளைக்கத் தொடங்கும். அப்போது கடி இன்னும் கூடும், ஆறேழு மாதத்தில் அடங்கும்.

'பெரிய நாயே குட்டிக்குப் பாடம் சொல்லித் தரும், நாம் தலையிடக் கூடாது' என்று பலர் சொல்வார்கள். கால் நன்றாக இருக்கும் நாய்க்கு அது ஓரளவு சரி. ஒரு சின்ன உறுமல், காற்றில் ஒரு கடி, பிறகு எழுந்து போவது என்று அது அளவாகச் சொல்லித் தரும். எழ முடியாத நாய் உறுமும். குட்டி கேட்காது. மறுபடி உறுமும், கேட்காது. கடைசியில் கடிக்கும். ஆகவே இந்த யோசனையை நான் ஏற்க மாட்டேன். நடுவர் வேலையை நாம்தான் பார்க்க வேண்டும்.

எங்களுக்குப் பலித்தது குட்டியின் அன்றாட வாழ்க்கையை ஒழுங்குபடுத்தியதுதான். குட்டி ஒரு நாளில் 18 மணி நேரமாவது தூங்க வேண்டும். தூக்கம் குறைந்த குட்டிதான் வெறி பிடித்தது போல ஓடிக் கடிக்கும். அதனால் ஒரு மணி நேரம் விழிப்பு, இரண்டு மணி நேரம் தன் அறையில் ஓய்வு என்று வைத்தோம். விழித்திருக்கும் நேரத்தில் முதல் அரை மணி மொட்டை மாடியில் நாங்கள் ஓடி விளையாடிக் களைக்க வைப்போம். பழைய துணியில் முடிச்சுப் போட்டு இழுக்க விடுவது, குளிர்ந்த கேரட்டைக் கடிக்கக் கொடுப்பது, தீனியைக் கந்தல் துணிக்குள் சுருட்டி வைத்துத் தேட விடுவது. அதற்குப் பிறகுதான் ஜிம்மி இருக்கும் கூடம். அங்கே கயிறு கழுத்தில் இருக்கும். ஜிம்மியை நோக்கிப் பாய்ந்தால் பேசாமல் கயிற்றைப் பிடித்து வேறு பக்கம் அழைத்துப் போவோம். அவன் பக்கத்தில் அமைதியாக உட்கார்ந்தால் உடனே தீனி. மூன்று வாரத்தில் செவலை ஜிம்மியைப் பார்த்ததும் முதலில் உட்காரக் கற்றுக்கொண்டது.

அறிகுறி: உறுமல் இல்லை, ஆனால் பெரிய நாய் ஒதுங்கியே கிடக்கிறது, சாப்பாடு குறைந்துவிட்டது

சண்டை இல்லை என்பதால் இதைப் பலர் கவனிப்பதில்லை. சோறு இரண்டு வேளை தொடாமல் போனால் முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். உடம்பில் ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகு, குட்டி வந்ததிலிருந்து என்னென்ன மாறிப்போயின என்று எழுதிப் பாருங்கள். நாங்கள் எழுதினோம். காலை ஆறு மணிக்கு அப்பா ஜிம்மியோடு வாசலில் உட்கார்ந்து நாளிதழ் படிப்பார், அது நின்றுபோயிருந்தது. இரவில் அம்மா அவன் தொடையைத் தேய்த்துவிடுவது குட்டியின் கத்தலில் மறந்துபோயிருந்தது. அவன் படுக்கும் ஜன்னலோரத்தில் குட்டியின் கூடை இருந்தது. கூடை அன்றே நகர்ந்தது. காலை நேரமும் இரவுத் தேய்ப்பும் குட்டி இல்லாமல் அவனுக்கே என்று திரும்ப வந்தன. அம்மா அவனிடம் சொன்னது: 'நீதான்டா மூத்த பிள்ளை, உன்னை யாரும் தள்ளி வைக்கல.' ஒரு வாரத்தில் அவன் கூடத்துக்குத் திரும்பி வந்தான்.

அறிகுறி: குட்டி வந்தால் எழப் பார்த்து வழுக்கி விழுகிறது

பளபளவென்ற டைல்ஸ் தரை இடுப்பு தேய்ந்த நாய்க்கு எண்ணெய் கொட்டிய தரை மாதிரிதான். விழுந்துவிடுவோம் என்ற பயத்தில் எழாமலே உறுமும். கூடத்திலிருந்து தண்ணீர்ப் பாத்திரம், வாசல், மெத்தை என்று அது நடக்கும் பாதை முழுக்க அடியில் ரப்பர் ஒட்டிய மிதியடி விரிப்பை வரிசையாகப் போடுங்கள். யோகா விரிப்பை நீளவாக்கில் வெட்டியும் போடலாம். கோரைப்பாய் வேண்டாம், அதுவே சறுக்கும். பாத விரல்களுக்கு நடுவே வளர்ந்த முடியை வெட்டுங்கள், நகத்தைக் குறையுங்கள். மெத்தை நாலு அங்குலமாவது கனமாக, படுத்தால் தரை தட்டாமல் இருக்க வேண்டும். எங்கள் பழைய இலவம்பஞ்சு மெத்தையைப் பாதியாக மடித்துத் தைத்ததே ஜிம்மிக்குப் போதுமானதாக இருந்தது. எழ உதவ, நீளமான துண்டை வயிற்றுக்கு அடியில், பின்னங்காலுக்குச் சற்று முன்னால் கொடுத்து இரு நுனியையும் மேலே பிடித்துத் தாங்குங்கள். வாலையோ பின்னங்காலையோ பிடித்துத் தூக்கக் கூடாது.

அறிகுறி: சாப்பாட்டு நேரத்தில் சண்டை, அல்லது பெரிய நாய் எடை கூடுகிறது

வேறு வேறு அறை, மூடிய கதவு, காலியான தட்டைக் கையோடு எடுத்துவிடுவது. சண்டைக்கு இது போதும்.

எடை விஷயம்தான் முக்கியம். குட்டிகளுக்கான தீனியில் சத்தும் கொழுப்பும் அதிகம், வாசனையும் அதிகம். குட்டி மிச்சம் வைத்ததைப் பெரிய நாய் தின்றுகொண்டே இருந்தால் இரண்டு மாதத்தில் மூன்று நான்கு கிலோ ஏறிவிடும், அந்தச் சுமை முழுக்க அந்த இடுப்பில்தான் இறங்கும். அமெரிக்காவில் 48 லேப்ரடார்களைக் குட்டியிலிருந்து ஆயுள் முழுக்கக் கவனித்து 2002-இல் வெளியான ஓர் ஆய்வு உண்டு. கூடப்பிறந்ததைவிட 25 சதவீதம் குறைவாகச் சாப்பிட்டவை ஏறத்தாழ இரண்டு வருடம் கூடுதலாக வாழ்ந்தன, மூட்டுத் தேய்மானத்துக்கு வைத்தியம் தேவைப்பட்டதும் அவற்றுக்குத் தாமதமாகத்தான். விலா எலும்பின் மேல் விரலை வைத்தால் அழுத்தாமலே எலும்பு தட்டுப்பட வேண்டும். பழக்குவதற்குக் கொடுக்கும் கோழிக்கறியையும் அன்றைய சாப்பாட்டில் கழித்துவிடுங்கள்.

அறிகுறி: நன்றாக விளையாடுகிறது, ஆனால் மறுநாள் நொண்டுகிறது

மனம் மகிழும் அறிகுறி, அதனாலேயே ஏமாறுவோம். குட்டி முன்னால் குனிந்து பின்பாகத்தைத் தூக்கி அழைத்ததும் பெரிய நாய் தன் வயதை மறந்து துள்ளும். அந்த நேரத்தில் வலி தெரியாது, மறுநாள் எழ முடியாது. படுத்தபடியே வாயால் விளையாடும் விளையாட்டை விடுங்கள், ஐந்து நிமிடத்தில் நிறுத்துங்கள். துரத்தல், மோதல், திடீர்த் திருப்பம் வேண்டாம். நடைக்கும் தனித்தனியாக அழைத்துப் போங்கள். பெரியதற்குப் பத்துப் பத்து நிமிடமாக நாளுக்கு இரண்டு மூன்று முறை, தினமும் ஒரே அளவு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் நீண்ட நடை என்பது மூட்டுக்கு ஆகாது.

அறிகுறி: உண்மையிலேயே கடித்துவிட்டது

நடுவில் கையை விடாதீர்கள். கனமான போர்வையை இரண்டின் மேலும் வீசுங்கள், இல்லை ஒரு நாற்காலியை இடையில் தள்ளுங்கள், ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுங்கள். பிரித்ததும் தனித்தனி அறை. சண்டையில் உங்களுக்குக் கடியோ கீறலோ பட்டால், வீட்டு நாயாக இருந்தாலும், ஊசி போட்டிருந்தாலும், 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

குட்டியைத் தடவிப் பாருங்கள். எச்சில் ஈரம் மட்டும் இருந்து, தோல் கிழியாமல், ஒரு நிமிடம் கத்திவிட்டுக் குட்டி பழையபடி ஓடுகிறது என்றால் பெரிய நாய் கடியை அளந்துதான் கொடுத்திருக்கிறது. தவறு எங்கே நடந்தது என்று பார்த்து, தூரத்தைக் கூட்டி, மேலே சொன்ன படிகளில் இரண்டு படி பின்னால் போங்கள். பல் பதிந்த துளை இருந்தால், தலை, கழுத்து, வயிறு எங்கே என்றாலும் சரி, உடனே மருத்துவர். சின்னத் துளைக்குள் பெரிய காயம் இருக்கும். கவ்விப் பிடித்து உலுக்கியது, பிரித்த பிறகும் தேடிப் போய்த் தாக்கியது, ஒரு வாரத்துக்குள் இரண்டாவது முறை நடந்தது என்றால் வீட்டில் வைத்துப் பழக்கும் கட்டம் தாண்டிவிட்டது. நாய் நடத்தை தெரிந்த மருத்துவரைப் பாருங்கள். சென்னை வேப்பேரியிலும், நாமக்கல்லிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் உண்டு, அங்கே மருத்துவமனையும் சேர்ந்தே இருக்கிறது. அதற்குப் பிறகும் முடியவில்லை என்றால் குட்டிக்கு வேறு நல்ல வீடு பார்ப்பதில் குற்றமில்லை. குட்டிக்கு இன்னொரு வீடு கிடைக்கும். எழ முடியாத கிழ நாய் தன் வீட்டிலேயே பயந்து வாழக் கூடாது.

அறிகுறி: எல்லாம் சரியாகி மாதங்கள் ஆன பிறகு மறுபடி உறுமுகிறது

மறுபடி பழக்கத் தொடங்காதீர்கள். மறுபடி மருத்துவரிடம் போங்கள். பழகிப்போன குட்டியிடம் திடீரென்று பொறுமை குறைந்தால், மாறியது பெரும்பாலும் உடம்புதான்.

செவலை வந்து ஐந்தாம் மாதம். இருவரும் ஒரே கூடத்தில், ஒரு முழம் இடைவெளியில் தூங்கும் அளவுக்கு வந்திருந்தார்கள். ஒரு திங்கட்கிழமை செவலை வழக்கம்போல வந்து உட்கார்ந்ததற்கே ஜிம்மி உறுமினான். மறுநாளும் உறுமினான். காய்ச்சல் தொட்டுத் தெரியவில்லை, சோறும் சாப்பிட்டான். மழைக்காலம், மூட்டு வலி கூடியிருக்கும் என்றுதான் நினைத்தோம். மருத்துவர் ஈறைத் தூக்கிப் பார்த்துவிட்டு, 'ரொம்ப வெளுத்திருக்கே, ரத்தம் எடுத்திரலாம்' என்றார். உண்ணிக் காய்ச்சல். காதுமடிப்புக்குள் இரண்டு உண்ணி இருந்ததை நாங்கள் பார்க்கவே இல்லை. டாக்சிசைக்கிளின் 28 நாள் கொடுக்கச் சொன்னார். இடையில் நிறுத்தக் கூடாது என்று இரண்டு முறை சொன்னார்.

முதல் வாரம் செவலையை மாடி அறைக்கே திரும்ப அனுப்பினோம். தினமும் இரவு இரண்டின் காது மடிப்பு, விரலிடுக்கு, வாலடி எல்லாம் தடவிப் பார்ப்பது அன்றிலிருந்து வழக்கமாகிவிட்டது. பத்தாம் நாள் கிரில் கேட்டுக்கு அந்தப் பக்கம் செவலையைக் கொண்டுவந்து உட்கார வைத்தேன். ஜிம்மி முன்னங்காலை ஊன்றி, கொஞ்ச நேரம் அப்படியே இருந்து, எழுந்து, விரிப்பின் மேலேயே நடந்து கேட் வரை வந்து மோந்து பார்த்தான். பிறகு அங்கேயே, கம்பியில் முதுகு படும்படி படுத்துக்கொண்டான்.